கடற்கரையை விட்டுத் தெருவுக்கு வந்த நடை

தீராத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் இல்லம் ஒன்றுக்கு நிதி திரட்ட நாங்கள் நடத்திய முதல் வருட நடை முடிந்த மறுநாள், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கு எழுத உட்கார்ந்தேன். வசூல் 61,300 ரூபாய். டி-ஷர்ட் 140, ஒன்று 180 வீதம் 25,200. பிளெக்ஸ் பேனர் 4,800. பந்தல், நாற்காலி, மைக் செட் 6,500. சிறப்பு விருந்தினர்களுக்குச் சால்வையும் நினைவுப் பரிசும் 2,400. எல்லாம் போக, இல்லத்துக்குக் கொடுக்க மிஞ்சியது 22,400. யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்த நூறு ரூபாயில் அறுபத்து மூன்று ரூபாயை நாங்களே உடுத்தி, கட்டி, போர்த்தித் தீர்த்திருந்தோம்.

கடலூர் திருப்பாப்புலியூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளிக்கூட புராஜெக்ட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று ஊரின் காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். நடை, வசூல், தொண்டு என்று அலைகிற ஆள் இல்லை நான். என் மாமியார் படுக்கையில் விழாமல் இருந்திருந்தால் இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டேன்.

அவருக்கு நாற்பது வருடத்து வெற்றிலைப் புகையிலைப் பழக்கம். வாய்ப்புற்று. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சும் கொடுத்து, ஒரு வருடம் நன்றாக இருந்து, திரும்பவும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வாசகத்தைக் கேட்டோம்: "இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்கோங்க." எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத அளவுக்கு அந்த வாக்கியம் வாயை அடைத்துவிடும்.

பதினைந்து நாள் நரகம். கன்னத்துப் புண் உடைந்து, நாற்றம் தெருவரை போனது. ராத்திரி முழுக்க அனத்துவார். "சாவறதுக்குப் பயமில்லடி, இந்த வலியோட சாவணுமான்னுதான்" என்றார் ஒரு நாள். பேச்சு குழறியதால் அதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. மூன்று முறையும் நான் கேட்க வேண்டியிருந்தது.

என் கடைக்கு ரசீது புத்தகம் பைண்டிங் செய்ய வந்த ஒரு பையன் மூலமாகத்தான் இல்லத்தைப் பற்றித் தெரிந்தது. ஆறு படுக்கை, இரண்டு செவிலியர், ஒரு வண்டி, வாரத்துக்குச் சில நாள் வந்து போகும் ஒரு டாக்டர். அவ்வளவுதான் இல்லம். படுக்கை ஆறுதான் என்றாலும் வண்டி போகிற வீடுகள் அதைப் போலப் பல மடங்கு. நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி என்று வீடு வீடாகப் போவார்கள். ஹாஸ்பிஸ் என்றால் சாகப் போகிறவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்களுக்கு அது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஒரு சிஸ்டராகத்தான் வந்தது.

சிஸ்டர் முதல் நாள் செய்தது இரண்டு காரியம். மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினார். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கியது. ஒதுங்கியிருந்த பேரப்பிள்ளைகள் திரும்ப அறைக்குள் வந்தார்கள். இரண்டாவது, டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு பங்கு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டியிருக்காது என்பதற்காக. வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். செல்போனில் ஐந்து அலாரம் வைத்தேன். அந்த ஐந்தும் இன்னும் என் போனில் அணைத்த நிலையில் கிடக்கின்றன, அழிக்க மனசில்லை.

என் வீட்டுக்காரருக்குத்தான் பயம். "மார்ஃபினா? போதையாச்சே, அடிமையாயிடுவாங்களே." சிஸ்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வலிக்கு அளவா, டாக்டர் சொன்னபடி குடுத்தா அந்தப் பிரச்சினை வராதுங்க. மலச்சிக்கல்தான் வரும். அதுக்கு இந்த மருந்தையும் மறக்காம குடுங்க" என்றார். இந்த மாத்திரை சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, வலிக்கு வேண்டிய மார்ஃபினும் கெடுபிடிக்குள் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியைக் கொஞ்சம் இலேசாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் வாங்க முடியும். நாங்கள் முதலில் மருந்துக்கடையில் போய்க் கேட்டு, கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தது மிச்சம்.

நாலாவது நாள் மாமியார் என்னோடு சண்டை போட்டார். பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனை வருகிறது, நீ ரசஞ்சாதத்தையே கரைத்துக் கொடுக்கிறாய் என்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் போட்ட சண்டைகளில் எனக்குச் சந்தோஷம் தந்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நாற்பத்தேழு நாள் இருந்தார். தூக்கத்தில் போனார்.

இல்லத்தில் காசு வாங்கவில்லை. "உங்களால முடிஞ்சா ஏதாச்சும் ஒரு வேலை செஞ்சு குடுங்க" என்றார்கள். அப்படித்தான் நடைக்கான குழுவில் சேர்ந்தேன். காசை வாங்கிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

முதல் வருடம் நாங்கள் செய்ததெல்லாம் பார்க்க அழகாக இருந்தது. அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ் மற்றும் நோய் ஆதரவுச் சிகிச்சை தினம், அதனால் அன்றைக்கே வைத்தோம். இடம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். சூரிய உதயம், வெள்ளை டி-ஷர்ட், பலூன், கொடியசைப்பு. போட்டோக்கள் பிரமாதம். மற்றதெல்லாம் கோளாறு.

முதல் கோளாறு நாள். சனிக்கிழமை கடைக்காரர்களுக்கு வேலை நாள், பல பள்ளிக்கூடங்களுக்கும்தான். கடலூரில் அக்டோபர் என்பது வெயிலும் புழுக்கமும் மழையும் எது முந்துவது என்று அடித்துக்கொள்கிற மாதம். ஆறரை மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. இரண்டாம் வருடம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அதிலும் கவனம் வேண்டும். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா, ஊரே அங்கே போய்விடும். மாசி மகத்துக்குச் சில்வர் பீச்சில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும், போலீஸுக்கு அதற்கு முந்தின வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. நாள் குறிக்கும்போது தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் முழுசாகப் புரட்டிப் பாருங்கள், முகூர்த்த நாள் உட்பட. முகூர்த்த நாளில் உங்களுக்குப் பந்தல்காரரும் கிடைக்கமாட்டார், ஆட்களும் கிடைக்கமாட்டார்கள்.

இரண்டாவது மணல். கடற்கரை மணலில் இரண்டு கிலோமீட்டர் என்பது ரோட்டில் நாலு கிலோமீட்டருக்குச் சமம். ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவரை ரோட்டுக்குத் தூக்கி வருவதற்கே கால் மணி நேரம். 108-க்கு போன் செய்தால் வரும். ஆனால் அது அவசரத்துக்கு வருகிற வண்டி, நம் நிகழ்ச்சிக்குக் காவலாக நிறுத்திவைக்க அல்ல. வண்டியும் முதலுதவி தெரிந்த ஒருவரும் நம் ஏற்பாடாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோவை மெதுவாக ஓட்டி வரச் சொல்லிவிடுகிறோம். கால் வலித்தவர்கள் ஏறிக்கொள்ளலாம். ஏறுவதில் யாருக்கும் வெட்கமில்லாதபடி குழுவில் ஒருவர் முதலிலேயே ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், இது முக்கியம். எங்களில் அந்த வேலைக்குப் போட்டி அதிகம்.

மூன்றாவது, தண்ணீர். ஒரு புரவலர் பெரிய மனதோடு மூட்டை மூட்டையாகத் தண்ணீர் பாக்கெட் கொண்டுவந்து இறக்கினார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அது தடை. திருப்பி அனுப்பினால் அவருக்கு மனவருத்தம், கொடுத்தால் எங்களுக்கு அபராதம். அன்றைக்கு அவரோடு போன பேச்சு வருடம் திரும்பித்தான் வந்தது. இப்போதெல்லாம் நன்கொடைப் பொருள் தருகிறேன் என்பவரிடம் என்ன வேண்டும் என்பதை நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்: இரண்டு தவலை, எவர்சில்வர் டம்ளர், நீர்மோர், வாழைப்பழம், கடலை மிட்டாய். சர்க்கரைக்காரர்கள் நிறைய நடக்க வருவார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வந்து நிற்பார்கள். தொடங்கும்போதே ஒரு வாழைப்பழம் கையில் கொடுத்துவிட வேண்டும்.

நாலாவதைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. யூபிஐ கியூஆர் அட்டையில் எங்கள் குழுவில் ஒருவருடைய சொந்தக் கணக்கைப் போட்டிருந்தோம். அவசரத்தில், நல்லெண்ணத்தில். அவர் ஒரு பைசா தொடவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அவர் மகள் கல்யாணத்துக்கு அந்த மாதம்தான் நகை எடுத்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு நல்ல மனிதரை இழந்தோம். கியூஆர் எப்போதும் அறக்கட்டளைக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் திரையில் அறக்கட்டளையின் பெயர்தான் வர வேண்டும், அதை அச்சடிப்பதற்கு முன் மூன்று போனில் சோதித்துப் பாருங்கள். ரொக்கம் வாங்கினால் எண் போட்ட ரசீது, அடிக்கட்டை நம்மிடம். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கேட்பவர்களிடம் பான் எண் வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் மார்ச் மாதம் சண்டை வராது.

அந்தக் கணக்கு நோட்டைக் குழுக் கூட்டத்தில் வைத்தபோது யாரும் பேசவில்லை. 22,400 ரூபாய் என்பது வண்டிக்குக் கொஞ்ச நாள் டீசல். இல்லத்தின் செலவில் மார்ஃபின் மாத்திரை சின்னக் காசு. பெரிய காசெல்லாம் டீசலும் செவிலியர் சம்பளமும்தான், பிறகு படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையும். டி-ஷர்ட் காசில் எத்தனை நாள் வண்டி ஓடியிருக்கும் என்று சிஸ்டர் கணக்குப் போடவில்லை. நானே போட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

அப்போது எங்கள் குழுவில் இருக்கும் தமிழ் வாத்தியார் ஒரு கதையை எடுத்தார். எங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். அப்பர் சமண மடத்தில் தருமசேனராக இருந்தது எங்கள் பாதிரிப்புலியூரில், அதாவது இந்தத் திருப்பாப்புலியூரில். சூலை நோய் வந்து குடலைப் புரட்டியெடுத்தது. மடத்தில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார், அவர் மடத்துக்கு வர மறுத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு நடந்தார்.

"வலிக்காக நடந்த மொத ஆள் நம்ம ஊர்க்காரர்தான்மா" என்றார் வாத்தியார். "அவரு கடக்கரைக்கா போனாரு? அக்காவைத் தேடித்தானே போனாரு?"

எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், "சார், கல்லோட கட்டிக் கடல்ல போட்டு மெதந்து வந்தாரே?" என்றான்.

"வந்தாருல்ல? கடல்லேருந்து ஊருக்குள்ளதானே வந்தாரு?"

சிரித்துவிட்டோம். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வலியோடு இருக்கிறவர்கள் விடியற்காலை சில்வர் பீச்சில் இல்லை. அங்கே இருந்தவர்கள் வாக்கிங் போகிறவர்கள், ஏற்கெனவே உடம்பு நன்றாக இருப்பவர்கள். நாங்கள் 140 பேர் கடலைப் பார்த்து நடந்தபோது, எங்களுக்கு முதுகுப் பக்கம் இருந்த ஊரில்தான் மூடிய கதவுகளுக்குள் ஆட்கள் அனத்திக்கொண்டிருந்தார்கள். நடை ஊருக்குள் போக வேண்டும்.

இல்லத்து டாக்டர் இதைக் கேட்டுவிட்டுக் கேரளாவைச் சொன்னார். 1993-இல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் என்ற டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய நோய் ஆதரவுச் சிகிச்சை வேலை, பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தாரே பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் தெரு நோயாளியைத் தாங்களே பார்க்கிற அளவுக்குப் பரவியது. 2008-இல் அந்த மாநில அரசே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. அங்கே காசும் பெரிய புரவலரிடமிருந்து வரவில்லை, தெருவில் சில்லறையாகத்தான் வந்தது என்றார். பெரிய தொகை ஒருவர் தந்தால் அவர் ஒருவருக்குத்தான் இல்லத்தைத் தெரியும், பத்து ரூபாயாக ஆயிரம் பேர் தந்தால் ஆயிரம் வீட்டுக்குத் தெரியும். இந்தக் கணக்கு எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு ரூபாய் ஜெராக்ஸில் கடை நடத்துகிறவள் நான்.

இரண்டாம் வருடம் பள்ளிக்கூட வாசலில் தொடங்கித் திருப்பாப்புலியூர்த் தெருக்களில் வளைந்து வளைந்து, வண்டிப்பாளையம் வழியாகக் கரையேறவிட்ட குப்பம் வரை. அப்பர் கல்லோடு கரையேறியதாகச் சொல்லும் இடம் அது. வாத்தியார் பிடிவாதம். கோயில் சம்பந்தம் வேண்டாம், எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. நியாயமான பேச்சுதான். அதனால் கோயில் வாசலில் தொடங்கவுமில்லை, முடிக்கவுமில்லை. குப்பத்துத் திடலில் முடித்தோம். மோர்த் தவலை வைத்தது ஜமாத் இளைஞர்கள்.

வேகம்தான் முக்கியம். நடை என்றதும் இளைஞர்கள் ஓடுவார்கள். எங்களுக்கு வேண்டியது நின்று நின்று போகிற நடை. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண் நிமிர்ந்து, "என்னாக்கா இது?" என்று கேட்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதனால் முன்வரிசையில் எழுபது வயதுக்காரர்களை விட்டோம். அவர்களைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது ஒரே விதி. மைக் இல்லை. முழக்கம் இல்லை. மைக் இல்லாததில் ஒலிபெருக்கி அனுமதி என்ற தனி அலைச்சலும் இல்லை. போலீஸ் அனுமதிக்கு மனு கொடுக்கும்போது தெருப் பெயர்களை வரிசையாக, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் போன் எண் எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவிடுங்கள். முதல் வருடம் நாங்கள் கொடுத்த மனு "வரவே இல்லை" என்று சொல்லப்பட்டது. ஜெராக்ஸ் கடைக்காரியே பிரதி எடுக்காமல் போனதை என் வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

டி-ஷர்ட்டுக்குப் பதில் காடாத் துணியைக் கிழித்துக் கையில் கட்டப் பட்டை. ஒரு டெய்லர் அக்கா ஓரம் அடித்துக் கொடுத்தார். பேனர் ஒன்றே ஒன்று, துணியில் எழுதியது, வருடம் போடாமல். அடுத்த வருடமும் ஆகும்.

எங்கள் முழு உழைப்பும் நோட்டீசுக்குத்தான் போனது. நாலு கூட்டம் நடந்தது அதற்கு. முதல் வருட நோட்டீசில் "மரணத்தின் விளிம்பில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கு உதவிடுவீர்" என்று இருந்தது. சிஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை ஒரு நோயாளி வீட்ல குடுக்க முடியுமாக்கா?" என்று கேட்டார். முடியாதுதான். பல வீடுகளில் நோயாளிக்கே நோயின் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. இல்லத்து வண்டியில் பெரிய எழுத்தில் எதுவும் எழுதாமல் இருப்பது அதனால்தான். இது புற்றுநோய்க்கு மட்டுமான சேவையும் இல்லை. பக்கவாதத்தில் படுத்தவர்கள், சிறுநீரகம் போனவர்கள், நடக்க முடியாத முதியவர்கள் எல்லோருக்கும்தான்.

புது நோட்டீஸ் இப்படி வந்தது: "வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருக்கிறார்களா? வலி தாங்க முடியவில்லையா? புண் ஆறவில்லையா? செவிலியர் வீட்டுக்கே வருவார். காசு வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டோம்." கீழே போன் எண், பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு. அதற்குக் கீழே, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சிகிச்சைக்கு வீட்டுக்கு வருவார்கள், பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்று ஒரு வரி. நம் நோட்டீசில் அரசாங்கத்துக்கு எதற்கு விளம்பரம் என்று ஒருவர் முறுக்கிக்கொண்டார். எங்கள் வண்டி போகாத ஊரில் இருக்கிறவர் என்ன செய்வார் என்று கேட்டேன். வரி இருந்தது.

"யாரிடமும் சொல்லமாட்டோம்" என்பது என் யோசனை. அந்த வரியைக் காப்பாற்றத்தான் மற்ற விதிகள். எந்த நோயாளி வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாது. ஏற்கெனவே வண்டி போகிற வீடு என்றால் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. வீடுகளைப் போட்டோ எடுக்கக் கூடாது. முதல் வருடம் இல்லத்து நோயாளி ஒருவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கொடியசைக்க வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, நானும் தலையாட்டியிருக்கிறேன். சிஸ்டர்தான் "அவருக்கு அன்னிக்கு எப்டி இருக்குமோ" என்று தட்டிக் கழித்தார். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அன்றைக்கு 210 பேர் வந்தார்கள். போட்டோ சுமார்தான். டவுசரும் லுங்கியும் சுடிதாரும் கலந்த கூட்டத்தில் கைப்பட்டை தெரியவே இல்லை. வசூல் 84,750, செலவு ஏழாயிரத்துக்குள். நடந்தவர் ஒவ்வொருவருக்கும் பத்துக் கட்டம் போட்ட அட்டை கொடுத்திருந்தோம், கட்டத்துக்கு ஒருவரிடம் வாங்கி வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அட்டையை நிரப்பிய வேகம் கண்டு, அடுத்த முறை பிள்ளைகள் தனியாகக் காசு வாங்கப் போகக் கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தோம். ஒரு பையன் டாஸ்மாக் வாசலில் நின்று அட்டையை நிரப்பியிருந்தான். தாராளமாகக் கொடுத்தார்களாம்.

கணக்கை ஒரு தாளில் எழுதி, வசூல் ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம், மறுநாளே கடை வாசலில் ஒட்டினேன். ஒரு மாதம் இருந்தது. நின்று படித்தவர்களில் சிலர் கடைக்குள் வந்து இன்னும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரத்தில் இல்லத்துக்குப் பதினொரு போன். முதல் வருட நடைக்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. பதினொன்றில் ஒன்று என் கடையிலிருந்து நாலாவது வீடு.

அவர் வாராவாரம் என்னிடம் வருகிறவர். எட்டு மாதமாக அவர் மனைவியின் ஸ்கேன், பயாப்ஸி, காப்பீட்டுப் படிவம் எல்லாவற்றையும் நான்தான் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காகிதத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைப்பேன், எத்தனை காப்பி என்பேன், சில்லறை இருக்கிறதா என்பேன். மாமியாரை அப்படிப் பார்த்துவிட்டு வந்தவள் நான். எந்தத் தாளில் எது எழுதியிருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. அடுத்தவர் விஷயம், கேட்டால் என்ன நினைப்பாரோ என்று. அவரும் என் கடை வாசலில் ஒட்டிய முதல் வருட பிளெக்ஸைப் பார்த்திருக்கிறார். அது பணம் கேட்கிற விளம்பரம் என்று நினைத்தாராம். நினைப்பதென்ன, அப்படித்தானே இருந்தது?

சிஸ்டரோடு நானும் போனேன். அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் காட்டியபோது, அவர் வீட்டுக்காரர் ஒரு பழைய நோட்டில் மணி மணியாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டார். வலது, நேர், இடது. காற்று மெத்தை மறுநாள் வந்தது.

இந்த வருடம் கூட்டத்தில் ஒரு புரவலர் 250 டி-ஷர்ட் இலவசமாகத் தருகிறேன் என்றார், முதுகில் அவர் கடை பெயர் போட்டு. இலவசம்தானே, செலவில்லையே என்று பாதிப் பேர் அவர் பக்கம். இன்னும் முடிவாகவில்லை. அந்தத் தொகையை டீசலாகத் தர முடியுமா என்று கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். அவர் கடை தண்ணீர் பாக்கெட்காரரின் தம்பி கடை என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

மிச்சமிருந்த நோட்டீசுகளைக் கடை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். யாராவது ஸ்கேன் ரிப்போர்ட் பிரதி எடுக்க வந்தால், காகிதங்களோடு ஒன்றை மடித்து உள்ளே செருகிக் கொடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் ஒரு பெண் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "இதுக்கு எவ்ளோக்கா?" என்று கேட்டாள். அந்தத் தாளும் ஜெராக்ஸ் கணக்கில் சேர்ந்ததென்று நினைத்துவிட்டாள்.